யாரும் ஏறச் சொல்லவில்லை

உட்காருங்கள் சிஸ்டர். அந்த டிரங்குப் பெட்டி மேலேயே உட்காரலாம், உடையாது, எங்கள் சர்க்கஸ் கோமாளி அதன் மேல் ஏறிக் குதித்தே உடையவில்லை. பாப்பா இப்போதுதான் கண்ணசந்தாள். எழுப்பி ஊசி போட்டால் மஞ்சக்குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறுவாள். அங்கே கூடாரத்தில் ஒத்திகை நடக்கிறது, என்னைத்தான் திட்டுவார்கள். அவளே முழிக்கட்டும். ஒன்பதாம் மாதத்து ஊசிதானே, கொஞ்சம் பிந்தினால் ஒன்றும் ஆகிவிடாதே? நான் இந்த ரிப்பனைத் தைத்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

இது ஷூதான். வாங்கிப் பாருங்கள். நுனியைத் தட்டிப் பாருங்கள், கொட்டாங்கச்சி மாதிரி இல்லை? இதை மாட்டிக்கொண்டு கட்டைவிரல் நுனியில் ஏறி நின்று ஆடுவார்கள். பாலே என்று பேர். புது ஷூ வந்தால் முதல் வேலையாக அதைக் கம்பத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். நாற்காலிக் காலுக்குக் கீழே வைத்து நசுக்குவார்கள். அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறுவார்கள். எங்கள் சமையல்காரர் பார்த்துவிட்டு, “ஏம்மா, பிடிக்கலைன்னா கடையிலயே திருப்பிக் குடுத்திருக்கலாமே” என்றார். அப்படி அடித்துப் பதமாக்கினால்தான் காலுக்கு அடங்குமாம். நூலை மோந்து பாருங்கள். பல் இடுக்கில் விட்டுச் சுத்தம் பண்ணுகிற நூல். அதில் தைத்தால்தான் அறாதாம். என் கையெல்லாம் பெப்பர்மின்ட் வாசனை. பாப்பா என் விரலைச் சப்பிவிட்டுத் தும்முகிறாள்.

என் ஷூ இல்லை. எனக்கு எதற்கு ஷூ? நிவேதா என்று ஒரு பெண், அவளுடையது. அவரவர் ஷூவுக்கு அவரவர்தான் ரிப்பன் தைக்க வேண்டுமாம், அது அவர்களுடைய முறை. இவளுக்கு உள்ளங்கை இரண்டும் வெந்துவிட்டது, அதனால் என் தலையில் வந்து விழுந்தது. எப்படி வெந்தது என்று சொல்கிறேன். 

நான் கயிற்றுக்காரி சிஸ்டர். நம்ப மாட்டீர்கள். கூடார உச்சியிலிருந்து ஒற்றைக் கயிறு தொங்கும். அதில் ஏறி, காலில் சுற்றிக்கொண்டு, தலைகீழாக விழுந்து, தரைக்கு இவ்வளவு உயரத்தில் நிற்பேன். ஜனங்கள் ஐயோ என்பார்கள். அம்மா இந்த சர்க்கஸில்தான் சமையல் செய்தாள், இங்கேயே வளர்ந்தேன். ஊர் ஊராகப் போகிறவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? அஞ்சாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் மேலே ஏறிவிட்டால் கூச்சம் போய்விடும், ஆயிரம் பேர் பார்த்தாலும் வராது. இறங்கி மண்ணில் கால் வைத்தேனென்றால் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கவும் யோசிப்பேன். உங்களிடம் மட்டும் எப்படி இவ்வளவு பேசுகிறேன் என்கிறீர்களா? நீங்கள் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள், அதனால்தான்.

பாப்பா வயிற்றில் வந்ததும் இறங்கினேன். இன்னும் ஏறவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்தோ, காய்ச்சலிலோ, பிள்ளைப்பேற்றுக்கோ ஒருத்தி இறங்கிவிட்டால், அவளை மறுபடி ஏறு என்று யாரும் சொல்லக் கூடாது. மாஸ்டர் சொல்லக் கூடாது, முதலாளி சொல்லக் கூடாது, கட்டினவரும் சொல்லக் கூடாது. சொல்லி அவள் ஏறி, ஏதாவது ஆகிவிட்டால் சொன்னவர் தலையில் பாவம். அவளாக ஒரு காலையில் தன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, உச்சிக் கொக்கியை இறக்கி அதில் தானே கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாஸ்டர் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அதே மாதிரி, ஒருத்தியின் கயிற்றை இன்னொரு ஆள் கொக்கிக்குத் தூக்கிப் போகவும் கூடாது. அப்படித் தூக்கினால் அவள் செத்துப்போனாள், இல்லை தொழிலை விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம்.

நல்ல வழக்கம்தான். நானும் அப்படிக் கட்டியிருப்பேன். இந்த மேடம் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் கட்டியிருப்பேன்.

செலின் மேடம். பாண்டிச்சேரிக்காரர். வெளிநாட்டில் பாலே படித்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஐம்பது வயது இருக்கும், முதுகில் மூங்கில் வைத்துக் கட்டின மாதிரி நடப்பார். மழையில் எங்களுக்குக் கூட்டமே இல்லாத நேரத்தில் வந்து, சேர்ந்து ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டார். சதானந்தன் மாஸ்டர் உடனே சரி என்றார். அன்றைக்கே மேடத்தை ஆட்டம் போடுகிற வளையத்தைச் சுற்றி அழைத்துக்கொண்டு போய் எங்கள் வழக்கமெல்லாம் சொன்னார். வளையத்துக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, உள்ளே விசிலடிக்கக் கூடாது, இறங்கினவளை ஏறச் சொல்லக் கூடாது, எல்லாம். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால் கேட்டேன். மேடம் கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மரியாதை தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறே.

கதை என்னவென்றால், குளத்தில் ஒரு நாரை. மேடத்தோடு வந்த நிவேதாதான் நாரை. கீழே நுனிக்காலில் ஆடுவாள். தண்ணீரில் நிழல் விழும் இல்லையா, அந்த நிழல் கீழே இல்லை, மேலே. கயிற்றில் ஒருத்தி தலைகீழாக. இவள் இறக்கையை விரித்தால் அவளும் விரிக்க வேண்டும், இவள் கழுத்தைத் தாழ்த்தினால் அவள் கழுத்தை நீட்டி இறங்கி வர வேண்டும். கடைசியில் இரண்டு பேர் அலகும் தொடுகிற மாதிரி. மேடம் இதைச் சொன்னபோது எங்கள் பேண்டு ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  எந்தச் சுற்றில் விட வேண்டும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணை மூடினால் தெரிகிறது. இப்போதும் தெரிகிறது.

அந்த மேல் நாரை யார் என்று மேடம் சொல்லவேயில்லை.

நான் நிவேதாவிடம் சும்மா விசாரித்தேன், உங்கள் பக்கம் யார் எதை ஆடுவது என்று எப்படி முடிவாகும் என்று. “அது டீச்சர் பேர் சொல்வாங்கக்கா. நாமளா கேக்கக் கூடாது. ஒருத்தி கேட்டா, ஒரு வருஷம் கடைசி வரிசையில மரமா நின்னா” என்றாள். மரமாக! வேஷமே மரம். சரி, அது அவர்கள் முறை. ஆட்டம் மேடத்துடையது. பேர் சொன்னால் போகலாம், சொல்லாமல் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் என்ன நினைப்பார்? எவ்வளவு திமிர் என்று நினைக்க மாட்டாரா? அதனால் காத்திருந்தேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று.

தினம் காலையில் மேடத்தின் வகுப்புக்கும் போகிறேன். வளையத்து வேலியில் ஒரு கழியைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி மடக்கி எழ வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறார்கள், கோமாளி உட்பட. கோமாளி மடக்கினால் பேண்ட் கிழிகிறது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியில் நிற்பேன். மேடம் ஒவ்வொருத்தராகத் திருத்திக்கொண்டு வருவார். தோளை இறக்கு, வயிற்றை உள்ளே இழு என்று. என்னிடம் வந்தால் மட்டும் எதையும் திருத்த மாட்டார். ஒற்றை விரலை என் தாடைக்குக் கீழே வைத்து நிமிர்த்துவார். “மேல பாரு” என்பார். பார்ப்பேன். மேலே என்ன இருக்கிறது? வெறும் கொக்கி. எனக்கு அழுகை வரும், குனிந்துகொள்வேன். மறுநாளும் அதேதான். ஆளில்லாத கொக்கியைக் காட்டிக் காட்டி ஒருத்தியை நோகடிப்பதில் என்ன சுகமோ.

மாஸ்டர் என்ன குறைச்சலா? என் டெண்ட் வாசலில் நின்றுகொண்டு கொக்கியைத் திட்டுவார். “துரு பிடிக்குது இந்தக் கொக்கி. யாருக்கும் வேண்டாம்னா கழட்டி எடைக்குப் போட்டுரலாம்.” ஏன் சார், கொக்கியைக் கொக்கிக்குப் பக்கத்தில் நின்று திட்டக் கூடாதா? பிள்ளை தூங்குகிற இடத்தில் வந்துதான் கத்த வேண்டுமா?

இவர் அதற்கு மேல். இவர் என்றால் பாப்பாவின் அப்பா, கம்பம் நடுகிற வேலை. சாமான் வண்டியில் மூட்டையாகக் கிடந்த என் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தூசி தட்டித் துடைத்து, என் தலைமாட்டில் போட்டார். டெண்ட் இருக்கிற அகலம் உங்களுக்கே தெரிகிறது. கால் நீட்ட இடமில்லை. நான் என்ன செய்தேன், அதை இந்தக் கம்பத்திலிருந்து அந்த வண்டிச் சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டி, பாப்பாவின் துணியைக் காயப்போட்டுவிட்டேன். அதோ, அதுதான் என் கயிறு. மேலே அந்தப் பூப்போட்ட துணி தொங்குகிறதே, அந்த இடத்தில்தான் என் கை எப்போதும் பிடிக்கும். வழுவழுவென்று இருக்கும். மற்ற சமயமாக இருந்தால் மாஸ்டர் என்னைக் கொன்றே போட்டிருப்பார். பார்த்தார். முகம் கறுத்தது. விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்று காலையில் இவரோடு சண்டை. “கயிறு தலைமாட்டுல போட்டேனே, கண்ணு தெரியலையா உனக்கு?” என்றார்.

“நீங்கதானே கொண்டாந்து போட்டீங்க? இடைஞ்சலா இருந்தா நீங்களே எடுத்து வையுங்க” என்றேன்.

“நான் எடுக்கக் கூடாதுடி!” என்று நெற்றியில் படீர் படீர் என்று அடித்துக்கொண்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்து வைக்க ஆம்பளைக்கு இவ்வளவு சோம்பேறித்தனமா?

நிவேதா கை வெந்ததும் இந்தக் கயிற்றால்தான். இது இல்லை, பயிற்சிக் கயிறு. போன வாரம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறபோது, என் எதிரில் வந்து, “அக்கா, நான் ஏறப் போறேன், பாருங்க” என்று தொற்றிக்கொண்டாள். ஒரு ஆள் உயரம்கூட ஏறவில்லை. மேலேயிருந்து என்னையே பார்க்கிறாள். “இப்பிடியாக்கா? இல்ல இப்பிடியா? வந்து காமிச்சுக் குடுங்களேன்.” எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குச் சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. கேலி செய்கிறாள் என்று தெரிகிறது. சர்ரென்று வழுக்கி இறங்கினாள், உள்ளங்கைத் தோல் போய்விட்டது. நான்தான் ஓடிப்போய் எண்ணெய் தடவினேன். அழுகையும் சிரிப்புமாக, “இதுக்கு மேல நான் என்னக்கா பண்றது?” என்றாள்.  ஏறாமல் இருந்திருக்கலாம் என்றேன்.

நல்ல பெண்தான். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவள் ஆடுகிறபோது பார்க்க வேண்டும் நீங்கள். கழுத்தைத் தூக்கி மேலே பார்ப்பாள், மேலே யாரோ இருக்கிற மாதிரி. கையை நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். மேலே காற்றுதான். அதற்குப் பிறகு கையை மடக்கிக்கொள்வாள். அந்த மடக்குகிறதை மட்டும் நான் பார்க்க மாட்டேன். எழுந்து வந்துவிடுவேன். துணி துவைக்க இருக்கிறது, ஏதாவது வேலை இருக்கும்.

தையல் வேலையும் என்னிடம்தான். மேலே ஆடுகிறவள் சட்டை, கீழே ஆடுகிறவள் சட்டை எல்லாம் நான் தைத்ததுதான். அதோ தொங்குகிறதே வெள்ளையாக, தோளில் இறகு வைத்தது, அது மேலே தொங்கப் போகிற நாரைக்கு. பத்து நாள் முன்னால் மேடம் துணியைக் கொடுத்து, “உன் அளவுக்குத் தைச்சுப் பாரு சுகந்தி, உடம்பு அளவு உனக்குத்தான் தெரியும்” என்றார். கயிற்றுக்காரிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவுதான், அதனால் என்னை அளவுக் கட்டையாக வைத்துக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று சொன்னார் பாருங்கள், அதுதான் கூத்து. முன்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கணுமாம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாக, பிரஸ் பட்டன் வைத்து, உள்ளே இரட்டைத் துணி கொடுத்து. கயிற்றில் ஏறுகிறவளுக்கு முன்னால் பட்டன் வைப்பார்களா? நெஞ்சோடு கயிறு உரசும், பட்டன் அழுந்தும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவ்வளவு பெரிய மேடத்திடம் எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். பட்டனுக்கு மேல் பட்டையாகத் துணி கொடுத்து, உரசாமல் நானே ஒரு வழி பண்ணியிருக்கிறேன். சென்னைக்காரி வந்து பார்த்து, எந்த மடச்சி தைத்தது என்று என்னைத்தான் கேட்பாள்.

ஆமாம், சென்னைக்காரி. அதைச் சொல்லாமல் விட்டேனே. நேற்று சாயங்காலம் மேடம் எல்லாரையும் உட்கார வைத்தார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியல. சென்னைலேர்ந்து ஒரு பொண்ணை வரச் சொல்லியிருக்கேன்” என்றார். பாப்போம் என்கிறபோது என்னைப் பார்த்தார். கூட்டத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள், என்னைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா? எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோமாளிகூட. நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் துடைத்தேன். மேடம், “சரி” என்றார். அந்தச் சரி இருக்கிறதே, இன்னும் காதில் கிடக்கிறது.

அந்தப் பெண் கண்ணாடி மாட்டின அறையில், மெத்தை விரித்துப் பட்டுத்துணியில் தொங்கிப் பழகினவளாம். துணி வேறு, கயிறு வேறு சிஸ்டர். துணி கட்டிப் பிடித்துக்கொள்ளும். கயிறு பிடிக்காது, நாம்தான் பிடிக்கணும். போகட்டும். பேர் அவளுக்குத்தான் சொல்லியாகிவிட்டது, எனக்கு என்ன.

பயமா? எனக்கா? பயமெல்லாம் இல்லை. குளிக்கிற மறைப்புக்குள் ஒரு சவுக்குக் கம்பம் இருக்கிறது, தினம் அதில் தொற்றி இரண்டு கையிலும் உடம்பைத் தூக்கிப் பார்க்கிறேன். முதல் வாரம் தூக்க முடியவில்லை. இப்போது முடிகிறது. யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் என்ன ஆகிவிடப் போகிறது?

பாருங்கள், பேச்சில் கோணலாகத் தைத்துவிட்டேன். பிரிக்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? பால் குடிக்கிற பிள்ளை இங்கே வேறு யாருக்காவது இருக்கிறதா? இல்லை சிஸ்டர், எனக்கு மட்டும்தான். ஏன், மிச்சம் ஊசி வைத்திருக்கிறீர்களா?

ஊசிக்குக் கேட்கவில்லையா. அப்புறம் எதற்கு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

பட்டனா...

இல்லை. இல்லை சிஸ்டர், அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால் மேடம் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டாரா? பேர் சொல்வதுதானே அவர்கள் முறை? எங்களிடம்தான் யாரும் சொல்லக் கூடாது. அதை மாஸ்டர் முதல் நாளே மேடத்திடம்... கையைக் கட்டிக்கொண்டு கேட்டாரே...

இருங்கள். இருங்கள். அப்படியென்றால் காலையில் இவர் நெற்றியில் அடித்துக்கொண்டது...

“சுகந்தி! ஏ சுகந்தி!”

இவர்தான். வளையத்துப் பக்கமிருந்து வருகிறார்.

“சென்னைப் பொண்ணு வந்திருச்சு. அதுகிட்ட பட்டுத்துணிதான் இருக்காம், கயிறு இல்லையாம். மாஸ்டர் உன் கயித்தைக் கேக்குறாரு. நான் அவுத்து எடுத்துட்டுப் போயிரவா? ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!”

சிஸ்டர், இந்த ஷூவைப் பிடியுங்கள். ஊசி அதிலேயே இருக்கிறது, பார்த்து. பாப்பா முழித்தால் தூளியை ஒரு ஆட்டு ஆட்டுங்கள். இந்த ஈரத் துணியெல்லாம் உங்கள் மடியில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னங்க! கைய வைக்காதீங்க அதுல! யாரும் தொடக் கூடாது, மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, மேடத்துகிட்டயும் சொல்லுங்க, இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே வந்து கட்டுறேன்!